இரண்டு அக்கரை

எங்கள் நகரத்தை ஆறு இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. இந்தப் பக்கத்து ஆட்களுக்கு அந்தப் பக்கம் அக்கரை. அந்தப் பக்கத்து ஆட்களுக்கு இந்தப் பக்கம் அக்கரை. இங்கிருந்து கிளம்பும் பதினாலாம் நம்பர் பஸ்ஸில் 'அக்கரை' என்று போர்டு. அங்கிருந்து வரும் இருபத்திரண்டிலும் அதே போர்டு. இத்தனை வருஷத்தில் யாரும் குழம்பியதில்லை.

டெப்போவுக்குப் புதிதாக வந்த கம்ப்யூட்டர் குழம்பியது. வழித்தடங்களை அதில் ஏற்றுவது என் வேலை. போர்டில் இருந்ததை அப்படியே ஏற்றினேன். ஒரே இடத்துக்கு இரண்டு பஸ் எதற்கு என்று அது பதினாலைச் சிவப்பாக்கியது. திங்கள் முதல் பதினாலு கிடையாது என்று மேலாளர் முடிவெடுத்துவிட்டார்.

பழைய பாலம் வழியாகப் போவது பதினாலு மட்டும். மற்ற பஸ்ஸெல்லாம் நெடுஞ்சாலையில் ஊரைச் சுற்றிக்கொண்டு போகும். அக்கா அந்தப் பக்கத்து மருந்து கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள்.

"இன்னொரு தடவை லேட்டானா வீட்லயே இருந்துக்கோன்னு சொல்லிட்டாங்கடி. நான் வேலைக்குப் போறது உன் மெஷினுக்குப் பிடிக்கலையா?" என்றாள்.

மேலாளரிடம் போய் விளக்கினேன்.

"ரெண்டும் வேற வேற இடமா? நீதானேம்மா ஏத்தின?"

"போர்டுல அப்படித்தான் சார் இருந்துச்சு."

"அப்ப வேற வேற பேர் வை. டிரைவர், கண்டக்டர் கையெழுத்து வாங்கிக்கோ, பின்னாடி யாரும் கொடி பிடிக்கக் கூடாது. சாயங்காலம் லிஸ்ட் தலைமை அலுவலகத்துக்குப் போயிடும்."

பதினாலின் டிரைவர் வந்தார், இந்தப் பக்கத்துக்காரர். இருபத்திரண்டின் கண்டக்டர் வந்தார், அந்தப் பக்கத்துக்காரர்.

"அது அக்கரை, இது இக்கரை. இதுக்கு எதுக்கு ரெண்டு பேர்?" என்றார் டிரைவர்.

"எது இக்கரை?"

"நாம உக்காந்திருக்கிறதுதான்."

"நீங்க உக்காந்திருக்கீங்க. நான் வந்துட்டுப் போறவன். என் வீடு இருக்கிறதுதான் இக்கரை."

"உன் வீட்டுக்கு ஆத்தைத் தாண்டணுமா, வேண்டாமா?"

"உங்க வீட்டுக்கும்தாண்ணே தாண்டணும்."

கிழக்குக் கரை, மேற்குக் கரை என்று வைக்கலாமா என்றேன். ஆறு வளைந்து வளைந்து போவதால் சூரியன் தங்கள் பக்கம்தான் உதிக்கிறது என்று இரண்டு பேருமே சாதித்தார்கள். அக்கரை ஒன்று, அக்கரை இரண்டு என்றேன்.

"ரெண்டு யாரு?" என்று ஒரே குரலில் கேட்டார்கள். அதுவரை அவர்கள் ஒத்துப்போனது அதில் மட்டும்தான்.

டீ வந்து ஆறியது. அக்கா போனில் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. பேச்சு எப்படியோ பாலத்து விளக்குக்குப் போய், யார் பக்கம் முதலில் எரிந்தது என்பதில் வந்து நின்றது. எனக்குத் தலை வலித்தது.

மேலாளர் பையை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "முடிஞ்சுதா? இல்லன்னா பழைய லிஸ்ட்டே போகட்டும்."

"ஒரு நிமிஷம் சார்."

நாற்காலியைத் திருப்பிக்கொண்டேன். கம்ப்யூட்டருக்குக் கரையும் தெரியாது, ஆறும் தெரியாது. எழுத்தை மட்டும்தான் பார்க்கும். இருபத்திரண்டின் அக்கரையை அப்படியே விட்டேன். பதினாலின் அக்கரையில் ரையை அழித்துவிட்டு றை போட்டேன். சிவப்பு போய்விட்டது.

"படிக்கிறேன், கேளுங்க. பதினாலு, அக்கறை. இருபத்திரண்டு, அக்கரை."

"இதைத்தானே காலையிலேருந்து சொல்றோம்," என்றார் டிரைவர். கண்டக்டர் அவரிடமே பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை காலையில் அக்கா பஸ்ஸிலிருந்து கூப்பிட்டாள்.

"பதினாலு வந்துடுச்சுடி. புது போர்டு வேற. ரொம்ப அக்கறையா எழுதியிருக்காங்கன்னு பஸ்ஸே சிரிக்குது. பக்கத்துல ஒரு தமிழ் டீச்சர், இதை எழுதினது யாருன்னு கேட்டுக்கிட்டே வர்றாங்க. சொல்லட்டுமா?"

"பாலம் ஏறியாச்சா?"

"ஏறியாச்சு."

"அப்ப போனை வை."