யாருடைய இடது?

குளியலறையில் வழுக்கி விழுந்ததில் பல்செட் கட்டுகிறவரின் வலது மணிக்கட்டு உடைந்தது. ஏழு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த அன்று கை வெளுத்துச் சூம்பி, யாரோ வீட்டுக் கை போல இருந்தது. விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. சட்டைக்குப் பொத்தான் போட்டு முடிப்பதற்குள் டீ ஆறிப்போனது.

அந்த ஏழு வாரமும் பட்டறையைக் கட்டி மேய்த்தவன் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி. நாற்பதை நெருங்கும் ஆள். நல்லவன்தான், குறை சொல்லக்கூடாது. என்ன, வாயைத் திறந்தால் எதிரில் இருப்பவருக்கு மூச்சுவிட இடம் தரமாட்டான்.

“மாமா, இனிமே நீங்க பெஞ்சுல உக்காந்து கண்ணைக் கெடுத்துக்க வேண்டாம். ஜன்னலோரம் நல்லதா ஒரு நாற்காலி போட்டுடறேன். டாக்டருங்க போன் பண்ணுவாங்க. எடுத்து ரெண்டு வார்த்தை பேசுங்க, அது போதும்.”

நாற்காலியாம்! இருபத்தாறு வருஷமாக மெழுகில் பல் பதித்து, ஊரில் பாதிப் பேரைச் சிரிக்க வைத்த மனிதருக்குப் போன் எடுக்கிற உத்தியோகம்! அவருக்குச் சுருக்கென்றது. கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். கை நிஜமாகவே போய்விட்டதோ என்ற பயம்.

“என் கைக்கு என்னடா கேடு? எந்த வேலை வேணும்னாலும் குடு, செஞ்சு காட்டறேன்” என்று வீராப்பாகச் சொல்லிவிட்டார்.

மறுநாளே மச்சினன் ஒரு அட்டைப் பெட்டியோடு வந்து நின்றான். உள்ளே ஒரு பழைய போர்க்கால வண்டியின் பிளாஸ்டிக் பொம்மை, துண்டு துண்டாக. முன்னால் சக்கரம், பின்னால் டாங்கிக்கு இருப்பது போல சங்கிலிப் பட்டை. முழுதாக ஒட்டினாலும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

“நூத்திப் பதினாலு துண்டு மாமா. ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்குள்ள, படத்துல இருக்கிற மாதிரியே, ஒண்ணுகூட மிச்சம் வைக்காம ஒட்டிட்டீங்கன்னா பெஞ்சு உங்களுது. இல்லேன்னா நாற்காலி.”

“போடா, நாற்காலியைத் திருப்பிக் குடுக்க இப்பவே வண்டி பாத்து வை.”

சொல்லிவிட்டாரே தவிர, துண்டுகளைப் பார்த்ததும் வீராப்பு இறங்கிவிட்டது. எல்லாம் சாம்பல் நிறச் சட்டங்களில் ஒட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. கடுகளவில் ஒரு விளக்கு. முடி போல ஒரு கைப்பிடி. பூதக்கண்ணாடியை நெற்றியில் கட்டிக்கொண்டு குனிந்தால் அந்தத் துண்டைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் தெரியாது. ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து செய்முறைத் தாளைப் பார்ப்பது ஆகிற காரியமா? எனவே வாசிக்கிற பொறுப்பு மனைவியின் தலையில் விழுந்தது.

மனைவிக்கு அச்சகத்தில் வேலை. பத்திரிகைப் பக்கங்களில் செய்தியும் படமும் எங்கே உட்கார வேண்டும் என்று முடிவு செய்கிறவர். சாயங்காலம் அவர் வந்ததும் இருவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்வார்கள். பெட்டியின் மூடியை மல்லாத்திப் போட்டு, சட்டங்களிலிருந்து துண்டுகளை நறுக்கி அதில் போட்டார்கள். மூடியின் மேலிருந்த வண்ணப் படம் அந்த நிமிஷத்திலிருந்து மேசையை முத்தமிட்டபடியே கிடந்தது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

“பதினேழாம் நம்பர். மண்வெட்டி. இடது பக்கம்” என்று தாளிலுள்ள படத்தைப் பார்த்து மனைவி வாசிப்பார்.

“இடது” என்று இவர் வாங்கிக்கொள்வார்.

முதல் நாள் துண்டைக் கவ்விப் பிடிக்கிற சாமணம் ஆடிய ஆட்டத்தில் ஒரு துண்டுகூட நிற்கவில்லை. இரண்டாம் நாள் நான்கு நின்றன. மூன்றாம் நாள் அந்தக் கடுகு விளக்கு சாமணத்திலிருந்து துள்ளிப் பறந்தது. கணவனும் மனைவியும் அரைமணி நேரம் தரையில் தவழ்ந்தார்கள். கடைசியில் அது மனைவியின் கொண்டையில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது.

“நல்லவேளை, தலைக்குக் குளிக்கப் போகல” என்றார் மனைவி. சிரித்துச் சிரித்து இருவருக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது.

நான்காம் நாளிலிருந்து வேறொரு தொல்லை. எந்தத் துண்டும் அதன் துளையில் பொருந்த மறுத்தது. மண்வெட்டிக்கு இரண்டு முளை, அங்கே ஒரு துளைதான். எண்ணெய் டப்பா வைக்கிற இடத்தில் துளையே இல்லை.

“அளவு எடுக்கத் தெரியாதவன் எவனோ செஞ்சிருக்கான்!” என்று பல்லைக் கடித்தார். பொருந்தாததைப் பொருத்துவதுதானே அவர் பிழைப்பு. முளைகளை அரத்தால் சீவினார். வேண்டிய இடத்தில் ஊசியால் புதுத் துளை போட்டார். வேண்டாத துளைகளை அடைக்க, மிஞ்சிய சட்டத்தை நறுக்கிப் பசையில் கரைத்துக் கூழாக்கி, பூசி, காயவிட்டு, வழவழவென்று தேய்த்தார். அந்த மும்முரத்தில் கை வலிக்கிறது என்பதே மறந்துபோனது.

ஞாயிறு காலை பதினோரு மணிக்கு வண்டி மேசையில் நின்றது. மூடி காலி. ஒரு துண்டு மிச்சமில்லை. அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

மச்சினன் வந்தான். வண்டியைப் பார்த்தான். மூடியைத் திருப்பிப் படத்தைப் பார்த்தான். மறுபடி வண்டியைப் பார்த்தான். பிறகு விரலால் ஒவ்வொரு துண்டாகத் தொட்டுக்கொண்டே வந்தான்.

“மாமா, ஸ்டியரிங் அந்தப் பக்கம்ல இருக்கணும்? மண்வெட்டி, டப்பா, ஸ்டெப்னி... எல்லாமே பக்கம் மாறி இருக்கு!”

மனைவி தாளைப் பிடுங்கினார். “நான் சரியாத்தான் வாசிச்சேன். இதோ பாருங்க, இடது பக்கம்.” விரல் தாளின் இடது ஓரத்தில் நின்றது.

“அது தாளோட இடது! வண்டி நம்மளைப் பாத்து நிக்குதே, அப்போ அதுக்கு அது வலது இல்லையா?” என்றார் கணவர்.

“இடதுன்னா இடதுதாங்க. இத்தனை வருஷமா அப்படித்தான் பக்கம் போடறேன்.”

“வாய் திறந்து எதிர்ல உக்காந்திருக்கிறவரோட இடதுதான் இடது. இத்தனை வருஷமா நான் அப்படித்தான் பல்லு கட்டறேன்!”

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மனைவி எழுந்து வண்டியைக் கொண்டுபோய் நிலைக்கண்ணாடி முன்னால் வைத்தார். கண்ணாடிக்குள் அச்சு அசலாகப் படத்திலிருந்த வண்டி நின்றது.

“பாருங்க, இதுல சரியா இருக்கு” என்றார் பாவம் போல.

மச்சினன் விழுந்து விழுந்து சிரித்தான். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. படத்தில் இருக்கிற மாதிரி என்பதுதானே பேச்சு? பேச்சு பேச்சுதான். “சரிடா. நாற்காலியைப் போடு” என்றார். மேசையிலிருந்த சாமணத்தை எடுத்து ஓரமாக வைத்தார்.

மச்சினனின் சிரிப்பு நின்றது. வண்டியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினான். நகத்தால் பக்கவாட்டைத் தடவினான்.

“பக்கம் மாறினா முளை பொருந்தாதே. பழைய துளையெல்லாம் எங்க மாமா?”

“அடைச்சுட்டேன்.”

“எங்க அடைச்சீங்க?”

அவர் பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். மச்சினன் தேடினான், தேடினான். ஒன்றுகூட அகப்படவில்லை. பிறகு பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து அவர் முன் வைத்தான். உள்ளே ஒரு பல்செட்.

“மூணு தடவை திரும்பி வந்துடுச்சு மாமா. எவ்வளவு தேய்ச்சாலும் இடது பக்கம் குத்துதாம். எனக்குப் பிடிபடல. நீங்க வராம ஆகாது.”

அவர் வலது கையால் அதை எடுத்தார். கட்டைவிரல் ஓரமாக நகர்ந்து ஓரிடத்தில் நின்றது. விரல் நடுங்கவில்லை. அதைப் பார்த்த மனைவிக்குக் கண் கலங்கியது.

“அப்போ அந்த நாற்காலி?” என்றார் மனைவி.

“இவனுக்குத்தான். போன்ல பேசறதுக்கு இவனை விட்டா ஆள் ஏது?”

மச்சினன் வாயெல்லாம் பல்லாக நின்றான். மனைவி உற்சாகமாக டப்பாவிலிருந்த டாக்டரின் சீட்டை எடுத்துப் பிரித்தார்.

“நான் வாசிக்கட்டுமா?”

“வேண்டாம்!” என்று இருவரும் ஒரே குரலில் அலறினார்கள்.