இறுக்கிய பெல்ட்

பழைய லாரியை ஸ்டார்ட் செய்ததும் பேட்டரிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் பெல்ட் வீலென்று கத்தியது. எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று சாத்தப்பட்டது. லாரி ஓட்டும் அக்காவுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது.

இந்தச் சத்தத்துக்காகவே தெருமுனையில் இருக்கும் தம்பியின் பட்டறைக்கு மூன்று தடவை போய்விட்டாள். ஒவ்வொரு தடவையும் அவன் பெல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டு, "உனக்குக் காது ரொம்பக் கூர்மைக்கா" என்று சிரித்து அனுப்பினான்.

இன்று அவளே பானட்டைத் திறந்து, போல்ட்டைத் தளர்த்தி, பெல்ட்டைக் கழற்றினாள். பெல்ட் ஓடும் ஆல்டர்னேட்டர் புல்லியை விரலால் சுற்றினாள். உள்ளே மண்ணை அள்ளிப் போட்டதுபோல் கரகரத்து, அரைச் சுற்றில் நின்றுவிட்டது. விறுவிறுவென்று பட்டறைக்குப் போய்த் தம்பியைக் கையோடு இழுத்து வந்தாள்.

"சுத்திப் பாரு."

சுற்றியவனின் முகம் சுருங்கியது. "பேரிங் போயிடுச்சுக்கா."

"யாரு போக வச்சது? இறுக்கி இறுக்கியே நீதான்டா கெடுத்த! வேற டிரைவர் வந்து சொல்லியிருந்தா ஒரு தடவையாவது கழட்டிப் பார்த்திருப்பல்ல? அக்கா சொன்னா மட்டும் கிண்டலா?"

அவன் புது பேரிங் வாங்கி வந்து, அவள் பக்கத்திலேயே நிற்கப் பொருத்தினான். பெல்ட்டை மாட்டி, கட்டைவிரலால் அழுத்தியபடி, "இவ்வளவு இறுக்கம் போதுமாக்கா?" என்று கேட்டான்.

"போதும்."

வண்டி கீச்சிடாமல் கிளம்பியது.

"இப்ப கோபம் போச்சா?" என்று அசடு வழிந்தான்.

"இல்ல" என்று சொல்லிவிட்டு அவள் கியரைப் போட்டாள்.