காது கொடுத்தவள்

அவள் படித்தது உளவியலும் சட்டமும் சேர்ந்த ஐந்து வருடப் படிப்பு. உளவியல் துறையில் அவளை வக்கீல் என்பார்கள். சட்டத் துறையில் மனசு டாக்டர். இரண்டு பக்கமும் ஒத்துப்போய் வைத்த பெயர் ரெண்டுங்கெட்டான். அண்ணன் ஒருபடி மேலே போய், "ஆறுதல் சொல்லி அழ வச்சுட்டு, அப்புறம் உள்ள தள்ளுவியா?" என்று வாரிவிடுவான்.

நான்காம் வருடம், பல்கலைக்கழகத்தின் இலவச சட்ட உதவி மையத்தில் அவளுக்கு முதல் வழக்கு வந்தது. ஹோட்டல் சலவைக்கூடத்தில் வேலை செய்யும் ஓர் அக்கா, தங்க வந்தவரின் கைக்கடிகாரத்தைத் திருடிவிட்டதாகப் புகார். கடிகாரம் கிடைக்கவில்லை. ஆனால் போலீஸ் கொண்டுபோய் நிறுத்தியபோது, மாஜிஸ்திரேட் கேட்டதற்கு அக்கா "ஆமாங்க" என்று சொல்லியிருந்தார்.

"அதான் வாயாலயே ஒத்துக்கிட்டாங்களே, இனி நாம என்னத்தக் கிழிக்கிறது?" என்று உதட்டைப் பிதுக்கினார் மையத்தை நடத்திய வக்கீலம்மா.

அவளுக்கு மனசு ஒப்பவில்லை. அக்காவை உட்காரவைத்துப் பேசினாள். முகம் பார்த்துக் கேட்டதற்கெல்லாம் பதில் கணக்காக வந்தது. மூலையில் தண்ணீர் கொதிக்க, எழுந்து போய் கோப்பைகளை எடுத்தபடி, "டீயா, காபியா அக்கா?" என்றாள்.

"ஆமாம்மா."

அவள் கை நின்றது. திரும்பாமலே, "நேத்து நிலாவுக்குப் போயிட்டு வந்தீங்களா?"

"ஆமாங்க."

சிரிப்பு வரவேண்டிய இடம். அவள் சிரிக்கவில்லை. திரும்பி வந்து எதிரே உட்கார்ந்து, மெதுவாக, "அக்கா, காது கேக்கலையா?" என்றாள்.

அக்கா புடைத்த விரல்களால் முகத்தை மூடிக்கொண்டார். "மெஷின் சத்தத்துல போயிடுச்சும்மா. உதட்டப் பாத்துச் சமாளிக்கிறேன். அன்னிக்கு மாஜிஸ்திரேட்டு குனிஞ்சு எழுதிக்கிட்டே கேட்டாரு. வெளிய தெரிஞ்சா சீட்டக் கிழிச்சிடுவாங்க. யாருகிட்டயும் சொல்லிடாத."

விஷயம் தெரியாத வக்கீலம்மா தண்டனையைக் குறைக்கக் கேட்கலாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கையில் வெண்ணெய் இருந்தும் அவளால் வாய் திறக்க முடியவில்லை. மறுபடி அக்காவிடமே போனாள். "சொன்னா வழக்கு நிக்காது அக்கா. ஆனா வேலைக்கு என்னால உத்தரவாதம் தர முடியாது. முடிவு உங்களோடதுதான்."

மறுவாரம் அக்கா தானாக வந்தார். "வேல போனா வேற வேல. திருடின்னு பேரு வாங்கிட்டு எம்மகன் கல்யாணத்துல நான் எப்படி முன்னால போய் நிப்பேன்? சொல்லிடு பாப்பா."

காது பரிசோதனை நடந்தது. நீதிமன்றத்தில் நீதிபதி காகிதத்தைப் புரட்டியபடி ஏதோ கேட்டார். அக்காவின் தலை பழக்கத்தில் ஆடப்போய் நின்றது.

"ஐயா, கேக்கல. என்னப் பாத்துச் சொல்லுங்க."

பின்வரிசையில் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஒப்புதல் செல்லாது என்றார் நீதிபதி; வேறு சாட்சி இல்லாததால் வழக்கும் தள்ளுபடியானது. ஆனால் அக்கா பயந்தது நடந்தது. பத்தே நாளில் ஹோட்டல் அவரை வீட்டுக்கு அனுப்பியது.

அக்கா மையத்துக்கு வந்து ஒரு பாட்டம் அழுதார். அவள் குறுக்கே பேசாமல் கூடவே இருந்தாள். அழுகை ஓய்ந்ததும் வக்கீலம்மா நாற்காலியை இழுத்துப்போட்டு, அக்காவின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தார்.

"காத வாங்கினது அவங்க மெஷின். அதுக்கு யாரு பதில் சொல்றது? கோர்ட்டுல கேட்டுடுவோமா?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கேளுங்க மேடம். நல்லா சத்தமாக் கேளுங்க."