ஒன்பதாவது படம்

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு, கடைச் சுவரில் இருந்த டிவியில் தன் கல்யாணப் புடவையைப் பார்த்தாள் பானுப்ரியா.

மாம்பழ நிறம், அரக்கு பார்டர். எட்டு நொடி நின்றது. அடுத்த புடவை வந்தது.

அவள் கையிலிருந்த ரிமோட் நழுவிக் கீழே விழுந்தது.

ஆரணி பஜாரில் இருக்கும் சுப்பராயலுவின் பட்டுக் கடைக்கு ஒரு வழக்கம் உண்டு. முகூர்த்தப் புடவை எல்லாமே ஒற்றைப் பீஸ்தான். ஒவ்வொன்றையும் படம் எடுத்து, டிவிக்குக் கீழே இருக்கும் ஹார்ட் டிஸ்க் பிளேயரில் ஏற்றிவிடுவார்கள். நாள் முழுக்க ஒன்று மாற்றி ஒன்றாக ஓடும். புடவை விற்றதும் படத்தை அழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து வருபவர்கள் அதையே கேட்டு உயிரை எடுப்பார்கள். அழிப்பது பானுவின் வேலை. ரிமோட்டை அமுக்கினால், நிச்சயம்தானா என்று பெட்டி ஒருமுறை கேட்கும். ஆமாம் என்று அமுக்கினால் போயிற்று.

போன மாதம் வரைக்கும் அப்படித்தான் போயிற்று.

அப்புறம் ஒருநாள், தேசூர்க்காரர்களுக்கு விற்ற கத்திரிப்பூ நிறம் டிவியில் திரும்ப வந்தது. மூன்றாம் நாள் புடவையே வந்தது. மாப்பிள்ளை ஓடிப்போய்விட்டானாம். அடுத்தது வெம்பாக்கத்துக்குப் போன மயில்கழுத்து நிறம். படம் வந்த நாலாம் நாள், பெண்ணின் அப்பா தனியாக வந்தார். மடிப்புக் கலையாத புடவையைக் கவுண்டரில் வைத்தார். "பொண்ணு இல்லீங்க" என்று மட்டும் சொன்னார்.

பிளேயரைப் பார்க்க வந்த மெக்கானிக் வேலு சிரித்தான். "டிஸ்க் கிழமாயிடுச்சு மேடம். அழிச்சது அப்பப்ப எட்டிப் பாக்கும். இதுக்குப் போயி பேஜார் ஆவுறீங்களே!"

இப்போது, இதே கடையில் எடுத்து, தன் கையாலேயே படத்தை அழித்த பானுவின் புடவை எட்டிப் பார்க்கிறது. அந்த இரண்டையும் போலவே ஒன்பதாவது படமாக. வெள்ளிக்கிழமை கல்யாணம்.

"நீ ஏத்துனியாடி?" என்று கூட வேலை செய்யும் சுகன்யாவைக் கேட்டாள்.

"ஐயோ அக்கா, எனக்கு அந்த ரிமோட்டையே புடிக்கத் தெரியாது."

அழித்தாள். நிச்சயம்தானா? ஆமாம். அரை மணி நேரத்தில், எட்டாவது படத்துக்குப் பிறகு மாம்பழ நிறம் வந்தது. பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகினாள். வந்தது.

மாப்பிள்ளை பார்த்திபனுக்குப் போன் போட்டாள். "நாலு நாளைக்கு பைக்கை எடுக்காத, சொல்லிட்டேன்."

"இன்னாது, தாலி ஏறும் முன்னியே அதிகாரமா?" அவன் சிரித்தான். பின்னால் லாரி ஹாரன் அலறியது. ரோட்டில்தான் நிற்கிறான்.

போனை வைத்தபோதுதான் அந்த யோசனை வந்தது. படம் வந்தால் புடவை திரும்பி வரும். அவ்வளவுதானே? கல்யாணம் நின்றுதான் வரவேண்டுமா? நாமே கொண்டுவந்து வைத்துவிட்டால்?

தையல்கார முனியம்மா வீட்டுக்கு ஓடினாள். புடவையிலிருந்து ஜாக்கெட் துணியை வெட்டக் கத்திரியைக் கையில் எடுத்திருந்தாள் அந்த அம்மா.

"வெட்டாதீங்க!"

கடைக்குத் திரும்பிப் புடவையை முதலாளியிடம் நீட்டினாள். அதற்குப் பதிலாக, முள்ளிப்பட்டு தறியிலிருந்து அன்று காலைதான் வந்த, இன்னும் படமே எடுக்காத கிளிப்பச்சையைக் கேட்டாள். சுப்பராயலு மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"கல்யாணப் பொண்ணு கேக்குற, எடுத்துக்க. ஆனா ரிட்டர்னுன்னு வெளிய மூச்சு வுடாத. அப்புறம் ஒருத்தரும் தொடமாட்டாங்க."

மாம்பழ நிறம் அலமாரிக்குப் போனது. டிவியிலும் ஓடியது. ஓடட்டும். இப்போது அது விற்காத புடவை. பானு அன்று இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள்.

புதன்கிழமை மத்தியானம், லீவு சொல்லிவிட்டுக் கிளம்பும் நேரத்தில், ஒரு அம்மாவும் பெண்ணும் வேர்க்க விறுவிறுக்க வந்தார்கள்.

"எடுத்து வெச்ச புடவைய எலி கடிச்சிடுச்சும்மா. நாளன்னிக்குக் கல்யாணம். ஜல்தியா ஒண்ணு காட்டு."

பெண்ணின் பார்வை டிவிக்குப் போனது. "அம்மா, அது! அந்த மாம்பழக் கலர்!"

பானு வாயைத் திறந்தாள். கவுண்டரிலிருந்து சுப்பராயலு திரும்பிப் பார்த்தார். 'வேணாம் என்று இவளிடம் சொன்னால், அது அலமாரியிலேயே கிடக்கும். அப்போது அது யாருடைய புடவை? என்னுடையது.' பானு வாயை மூடிக்கொண்டாள்.

"உங்களுக்கும் வெள்ளிக்கிழமையாக்கா?" பானுவின் கையிலிருந்த மருதாணியைப் பார்த்துப் பெண் சிரித்தாள். "என் பேரு கற்பகம். எங்களுக்கு ஒம்போதரை மணிக்கு முகூர்த்தம். உங்களுக்கு?"

"ஆறு" என்றாள் பானு. குரல் யாருடையதோ போல இருந்தது.

பில்லில் இருந்த அந்த அம்மாவின் நம்பரைத் தன் போனில் ஏற்றிக்கொண்டாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை. பிறகு படத்தை அழித்தாள். நிச்சயம்தானா? ஆமாம்.

வெள்ளிக்கிழமை ஆறேகாலுக்குத் தாலி ஏறியது. பார்த்திபன் கல்லு மாதிரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஒன்றும் ஆகவில்லை. கிளிப்பச்சைப் புடவை சலசலக்க, பானு வாய்விட்டுச் சிரித்தாள்.

கடையைத் திறந்து பூஜை போட்டுவிட்டு, ஒன்பதரைக்கு மேல்தான் சுகன்யா மண்டபத்துக்கு வந்தாள். கையில் பரிசுப் பொட்டலம். முகத்தில் ரத்தமில்லை.

"அக்கா, காலையில டிவி போட்டேன். அந்த மாம்பழக் கலர்..."

"எத்தனாவது?"

"ஒம்போதாவது."

பானு மாலையைக் கழற்றிப் போட்டுவிட்டு, மணமகள் அறைக்கு ஓடினாள். போனை எடுத்தாள். மூன்றாவது மணியில் எடுத்தார்கள்.

"அல்லோ, யாருங்க?" கற்பகத்தின் அம்மா. பின்னால் நாதஸ்வரமும் தவிலும் பிய்த்து உதறின.

"நான் புடவைக் கடை பானு. அந்தப் புடவைய..."

"இன்னாம்மா சொல்ற? மேளச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல!"

"கழட்டச் சொல்லுங்க! அந்தப் புடவையக் கழட்டச் சொல்லுங்க!"

நாதஸ்வரம் பாதியில் நின்றது.

அதன் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து எழுந்த அலறல் எல்லாமே நன்றாகக் கேட்டது.