பெயர் அழிந்த குழாய்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தென்காசியில் ஓர் ஆய்வகம். அங்கே ஃப்ரீசரில் ஈஸ்ட் வைத்திருந்த சின்னக் குழாய் ஒன்று. அதன்மேல் எழுதியிருந்த பெயர் அழிந்துபோனது. எழுதுகிறவள் யோகலட்சுமி. கதைக்குள் வருகிறவளும் அவளேதான். 'நான்' என்று தொடங்கினால் அழுகை முட்டுகிறது, அதனால் 'அவள்'.

2

ஈஸ்ட் செல்லுக்குள் புரதங்கள் தபால்போல... (இதை எல்லோரும் எழுதியாயிற்று. விடுங்கள்.)

நேராகவே சொல்லலாம். செல்லில் உண்டாகும் புரதங்களில் சில வெளியே போக வேண்டும், சில உள்ளே சேமிப்பறைக்குப் போக வேண்டும். பிரித்தனுப்புவது பழுதானால் சேமிப்பறைக்குரியதும் வெளியே கொட்டிப்போகும். அப்படிப் பழுதான ஈஸ்டில் அவள் ஒரு மரபணுவைச் சேர்த்தாள். புரதம் ஒழுங்காகச் சேமிப்பறைக்குப் போனது. அன்று ஆய்வகத்துக்கே பஜ்ஜி வாங்கித் தந்தாள்.

போன வாரம், எதையும் சேர்க்காமல் அதே குழாயிலிருந்து எடுத்து வளர்த்துப் பார்த்தாள். அப்போதும் ஒழுங்காகவே போனது. குழாயில் இருந்தது பழுதே இல்லாத ஈஸ்ட். வழி தவறாததற்கு வழிகாட்டியே அவள் வருஷங்கள் போயின.

3

வில்லன் வேண்டும். பக்கத்து மேசை சாம் ஒரு பொறாமைக்கா—

(இல்லை. அச்சன்புதூர் சாமுக்குப் பொறாமைப்படவே தெரியாது.) குழாய்களை மேசைக்கு எடுக்கும்முன் ஸ்பிரிட்டால் துடைப்பது வழக்கம்.* வருஷங்களுக்கு முன் ஒருநாள் அவன் அவளுக்கு உதவியாகத் துடைத்தபோது இரண்டு குழாய்களில் பெயர் போய்விட்டது. ஞாபகத்திலிருந்து எழுதிவைத்தான். ஒன்றின் பெயர் மற்றதில் ஏறிவிட்டது. எழுதியதை அவளிடம் சொல்லவும் செய்தான். அவள், "தேங்க்ஸ்லே" என்றாள். அதுதான் இப்போது அறுக்கிறது.

* கிருமி போகும். மார்க்கர் மையும் போகும்.

4

முடிவு அ: சாமிடம் சொல்லிவிடுகிறாள். அவனுடைய ஆய்வேடும் அதே குழாயை நம்பியதுதான். நாளை சமர்ப்பிக்கிறான். அவன் அம்மா முத்துசெல்வி ஊரெல்லாம் சொல்லியாயிற்று.

முடிவு ஆ: சொல்லவில்லை. டாக்டர் சாம் ஆகிறான். அவன் முடிவை நம்பி எங்கோ இன்னொருத்தி வருஷக்கணக்கில் மெனக்கெடுகிறாள்.

இரண்டையும் கிழித்துப்போட்டாள்.

5

இன்று. வெளியே சாரல். நோட்டைத் திறந்துவைத்து இதை எழுதிக்கொண்டிருக்கிறாள். பக்கத்தில் சாம் குழாய்களைத் துடைத்தபடி, நாளை எல்லாம் முடிந்ததும் ஐந்தருவிக்குப் போவோம் என்கிறான். அவள் தலையாட்டுகிறாள். அவனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"யோகா, இதுல பேரு அழியுது பாரு. நான் எழுதட்டா?"

அதே குழாய். மார்க்கர் மூடியைத் திறந்துவிட்டான்.

அவன் கையைப் பிடித்து நிறுத்த அவளுக்கு எழுதுகிற இந்தக் கை வேண்டும். வாசிக்கிற நீங்கள் இந்தப் பேனாவைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள்.