மயில் போட்ட பத்திரிக்கை

அகல்யாவின் கல்யாணம் நின்றுபோனபோது பத்திரிக்கையில் பாதிதான் கொடுத்து முடிந்திருந்தது. மீதி இரண்டு அட்டைப்பெட்டிகளில், வெண்ணந்தூர் வீட்டில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே கிடந்தது.

சொல்லிவிட்டுப் போக வந்தவர் மாப்பிள்ளையின் தாய்மாமன் காளியண்ணன். சேந்தமங்கலத்திலிருந்து பைக்கிலேயே வந்திருந்தார். அகல்யாவின் அம்மா தெய்வநாயகி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. அப்பா தனபாலுக்கு அப்போதே விஷயம் புரிந்துவிட்டது.

"பையன் வேண்டாங்கறானுங்க. நாங்களும் எத்தனையோ சொல்லிப் பாத்துட்டோம்."

"எம்புள்ள மேல ஏதாச்சும் கொறைங்களா?"

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. தங்கமான புள்ள. ஒண்ணுமே இல்லீங்க."

அகல்யா அறைக்குள் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். ஏதாவது ஒரு குறை சொல்லியிருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு கோபப்பட்டிருக்கலாம், சண்டை போட்டிருக்கலாம். ஒன்றுமே இல்லை என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பைக் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. பக்கத்து வீட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது. அவள் கட்டில் மேல் கிடந்த துணிகளை மடித்து வைத்தாள்.

அம்மா வாரக்கணக்கில் அழுதாள். அகல்யா அழவில்லை. நேரத்துக்குச் சாப்பிட்டாள், நேரத்துக்குப் படுத்தாள். ஒருநாள் அம்மா ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டாள். அப்பா முதல் வாயிலேயே முகத்தைச் சுளித்தார். அகல்யா அதற்குள் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழுந்திருந்தாள். சொந்தக்காரர்களில் சிலர் "தைரியமான புள்ள" என்றார்கள். சிலர் "கல்லுமாதிரி இருக்குதே" என்றார்கள். இரண்டும் அவள் காதில் விழுந்தன. யாரோ யாரையோ பற்றிப் பேசுவதுபோல இருந்தது.

கைமட்டும் வேலை செய்துகொண்டிருந்தது. பட்டுநூல் சுற்றிய வளையல், ஜிமிக்கி, கழுத்துமாலை செய்வதை அவள் காலேஜ் படிக்கும்போதே ஆரம்பித்திருந்தாள். அவள் செய்வாள், இரண்டு தெரு தள்ளியிருக்கும் வசந்தாமணி அக்கா விற்பாள். அக்காவின் வீட்டுக்காரர் லாரி டிரைவர், மாதத்தில் பாதி நாள் வடக்கே இருப்பார். நாமக்கல், சேலம், ஈரோடு என்று எங்கே கைவினைச் சந்தை போட்டாலும் ஒரு மேசை பிடித்து இருவரும் போய்விடுவார்கள். கல்யாணத்துக்காக நிறுத்தியிருந்ததை, கல்யாணம் நின்ற பிறகு, அக்காதான் திரும்ப ஆரம்பித்துவைத்தாள்.

நாமக்கல் சந்தையில் அவர்களுக்குப் பக்கத்து மேசையில் தேவிப்ரியா என்று ஒரு பெண் மண்நகை விற்றாள். அப்படியொன்றும் பிரமாதமான வேலைப்பாடு இல்லை. ஆனால் ஒவ்வொன்றையும் குட்டிக் குட்டிப் பெட்டியில் போட்டு ரிப்பன் கட்டி வைத்திருந்தாள். ஜனங்கள் அங்கே பேரம் பேசாமல் வாங்கினார்கள். அதே ஜனங்கள் இந்தப் பக்கம் வந்து, பிளாஸ்டிக் கவரில் கிடந்த ஜிமிக்கியைத் தூக்கிப் பார்த்து, "கொறச்சுக் குடுங்க" என்றார்கள்.

பஸ்ஸில் திரும்பும்போது வசந்தாமணிக்கு மனசு ஆறவில்லை.

"உன்ற வேலைக்கு அவளுது கால்தூசி பெறுமா? எல்லாம் டப்பா பண்ணற வேலை, கண்ணு. பொம்பளைங்க பரிசு குடுக்கத்தான் பாதி வாங்கறாங்க. கவரைக் கொண்டுபோயி யாரு கையில குடுப்பாங்க?"

மறுவாரம் அக்கா சேலம் செவ்வாய்ப்பேட்டையில் போய்ப் பெட்டி விலை விசாரித்தாள். ஆசைப்பட்ட பெட்டியை வாங்கினால் ஜிமிக்கி விலையில் பாதி அதற்கே போய்விடும் போலிருந்தது. மலிவாகக் கிடைத்த பெட்டியோ கையில் எடுத்ததும் மடங்கியது. "தீவாளிக்கு முந்துன சேலம் சந்தைக்குள்ள ஏதாச்சும் பண்ணோணும். நீயும் யோசிச்சுப் பாரு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அகல்யா பெரிதாக ஒன்றும் யோசிக்கவில்லை. மறுநாள் காலையில் பீரோவிலிருந்து நூல்கண்டு எடுக்கக் குனிந்தவள், அட்டைப்பெட்டியின் வாய் திறந்திருப்பதைப் பார்த்து ஒரு பத்திரிக்கையை எடுத்தாள். மெரூன் கலர். முன்னும் பின்னும் தங்க நிறத்தில் தோகை விரித்த மயில். மாப்பிள்ளையின் தங்கை சௌந்தர்யா ராசிபுரம் அச்சகத்தில் அரைநாள் உட்கார்ந்து, "அண்ணி, இதுதான் உங்களுக்குச் சேரும்" என்று தேர்ந்தெடுத்தது. அகல்யா அட்டையை வளைத்துப் பார்த்தாள். விட்டதும் நிமிர்ந்துகொண்டது. மடிப்பில் வெடிக்கவில்லை.

கத்தரிக்கோலையும் ஸ்கேலையும் எடுத்துவந்து தரையில் உட்கார்ந்தாள். மை தீர்ந்த பேனாவால் அழுத்திக் கோடு போட்டால் அட்டை அந்தக் கோட்டிலேயே சுத்தமாக மடங்கியது. இரண்டு முனையையும் பிறைமாதிரி வளைத்து உள்ளே மடக்க, சின்னத் தலையணை போல ஒரு டப்பா வந்தது. பசைகூட ஓரத்தில் ஒரு தீற்று போதும். மயில் சரியாக மேல்பக்கம் வந்து உட்கார்ந்தது. எழுத்தெல்லாம் உள்ளே போனது. அதன்மேல் ஒரு துண்டுப் பஞ்சை ஒட்டி ஜிமிக்கியை வைத்தாள்.

தெய்வநாயகி சமையற்கட்டிலிருந்து வந்தபோது மகளைச் சுற்றி ஏழெட்டு டப்பாக்கள் கிடந்தன. அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏஞ்சாமி, அதைப் போயி..."

"அட்டை நல்லா கெட்டியா இருக்குதும்மா."

"அதுல சாமி படம் இருக்குது. மஞ்ச தடவுனது."

"அதைத் தனியா வெட்டி வெச்சிருக்கறேன். பாரு." ஒரு தட்டில் பிள்ளையார்கள் வரிசையாக இருந்தார்கள். "இதைக் கெணத்துல போடறதா, கோயில்ல குடுத்தர்றதா, நீயே பாத்துக்க."

அம்மா தட்டை வாங்கினாள். ஏதாவது சொல்லித் திட்டுவாள் என்று அகல்யா காத்திருந்தாள். அம்மாவோ முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் தறிப்பட்டறையிலிருந்து வந்த தனபால் செருப்பைக் கழற்றாமலே நின்று பார்த்தார். கல்யாணம் நின்ற மறுநாளிலிருந்து, பத்திரிக்கை வைத்த ஒவ்வொரு வீட்டுக்கும் நடந்துபோய் "இல்லைங்க" என்று சொல்லிவிட்டு வந்தவர் அவர். ஒரு டப்பாவை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உள்ள பேரு தெரியுமா?"

"தெரியாதுங்கப்பா. பஞ்சை வெச்சு ஒட்டிருவேன்."

"ம்." வைத்துவிட்டுப் போய்க் கைகால் கழுவினார். மறுநாள் தறியில் மிச்சமான நூலை ஒரு பை நிறையக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் போட்டார். மஞ்சளும் பச்சையும் கலந்த நூல். டப்பாவைச் சுற்றிக் கட்ட அது பொருத்தமாக இருந்தது.

வசந்தாமணி வந்து ஒரு டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "கண்ணு, உனக்கு இது..." என்று இழுத்தாள்.

"டப்பா எப்புடி இருக்குதுக்கா?"

"டப்பா அம்சமா இருக்குது."

"அப்பறமென்ன?"

சேலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்துச் சந்தை போட்டிருந்தார்கள். அகல்யா வாசலில் நின்றபடியே மணவறை மேடையைப் பார்த்தாள். அதில் யாரோ மசாலாப்பொடி அடுக்கிவைத்திருந்தார்கள். தனக்கு ஏதாவது ஆகும் என்று ஒரு கணம் காத்துப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. மேசை விரிப்பைப் போட்டு டப்பாக்களை அடுக்கத் தொடங்கினாள்.

காலையிலேயே கூட்டம் வந்தது. வந்தவர்கள் முதலில் டப்பாவைத்தான் எடுத்தார்கள். "மயிலு அழகா இருக்குதே, எங்கீங்க அடிச்சீங்க?" என்று ஒரு டீச்சரம்மா கேட்டாள். "ஊட்டுலயே பண்ணறதுங்க," என்றாள் வசந்தாமணி அவசரமாக. கொலுவுக்குத் தாம்பூலத்தோடு கொடுக்க வாங்காமல் விட்டுவிட்டோம், தீபாவளிக்காவது கொடுக்கலாம் என்று ஒருத்தி மொத்தமாக வாங்கினாள். பேரம் பேசியவர்கள் குறைவு. வசந்தாமணியின் குரல் ஏறிக்கொண்டே போனது. அகல்யா நூலைக் கட்டிக் கட்டிக் கொடுத்தாள்.

மதியம் கூட்டம் தணிந்த நேரத்தில், "அண்ணி" என்று ஒரு குரல் கேட்டது.

சௌந்தர்யா நின்றுகொண்டிருந்தாள். பழக்கத்தில் வாயில் வந்துவிட்ட வார்த்தை. சொன்ன பிறகு அவள் முகம் சுண்டிப்போனது. அவள் பார்வை மேசைமேல் இருந்தது. மயிலை அவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

"வாங்க," என்றாள் அகல்யா. "நல்லா இருக்கீங்களா?"

சௌந்தர்யா ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தாள். ஜிமிக்கியை வெளியே வைத்துவிட்டுப் பஞ்சை நகத்தால் நெம்பினாள். அடியில் 'சேந்தமங்கலம்' என்று பாதி தெரிந்தது.

"வேணும்னே பண்ணீங்களா?"

"இல்லைங்க. அட்டை நல்ல அட்டைங்க. வீணாப் போகுதேன்னு பண்ணுனது."

அகல்யா சொன்னது உண்மை. ஆனால் கேட்டவளுக்கு அது நம்பும்படி இல்லை. சௌந்தர்யா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணனுக்குத் தையில கல்யாணம் வெச்சிருக்குதுங்க. பொண்ணு இங்க சேலம்தான். அவங்க ஊட்டு ஆளுக யாராச்சும் இதை வாங்கிப் பிரிச்சுப் பாத்தா... இருக்கறது பூராவும் நானே வாங்கிக்கறேன். தயவுபண்ணி இதுல போட்டு விக்காதீங்க."

வசந்தாமணி எழுந்துவிட்டாள். "ஏனுங்க, உங்க ஊட்டுக்குப் பேரு கெட்டுப்போகுமேன்னு மனசு பதறுதே, இந்தப் புள்ளைக்கு..."

"அக்கா, உக்காருங்க," என்றாள் அகல்யா. குரல் உயரவில்லை.

டப்பாக்களைத் தன்பக்கம் இழுத்து ஒவ்வொன்றாகப் பிரித்து, பஞ்சைத் தூக்கி, சௌந்தர்யாவின் முன்னால் வைத்தாள். ஒரு பத்திரிக்கைக்கு இரண்டு டப்பா என்று வெட்டியதில் எழுத்தெல்லாம் துண்டு துண்டாக இருந்தது. ஒன்றில் 'சுற்றமும் நட்பும்'. ஒன்றில் 'காலை உணவு'. ஒன்றில் மண்டபத்துக்கு வழி. இன்னொன்றில் அவளுடைய பெயரே 'அகல்' என்று நின்றுபோயிருந்தது. அகல்யா அதையும் மற்றவை மாதிரியே வைத்தாள். பிரித்துக்கொண்டே வந்ததில் ஒரே ஒரு டப்பாவில், வெட்டு தப்பி விழுந்து, மாப்பிள்ளையின் பெயர் 'ஆனந்தகுமார்' என்று முழுசாக இருந்தது.

மேசைக்கடியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். டப்பாவை விரித்து அந்தப் பெயரை மட்டும் நீளவாக்கில் வெட்டி எடுத்தாள்.

"இந்தாங்க."

சௌந்தர்யா கையை நீட்டி வாங்கினாள். விரல் அளவு அட்டை. அதைப் பார்த்தவள் உதட்டைக் கடித்தாள், பிறகு அங்கேயே நின்று அழுதாள். "அண்ணன் பண்ணுனது தப்புங்க. காரணமே சொல்லலைங்க. எங்ககிட்டயும் சொல்லலை. நான் உங்களுக்குப் போன் பண்ணோணும்னு எத்தனை தடவை..." என்று திக்கித் திக்கிச் சொன்னாள்.

அழுகிற அவளை அகல்யா பார்த்தாள். தோடு ஒன்றின் திருகாணி தளர்ந்து தொங்கியது. விழுந்துவிடும் போல இருந்தது.

"திருகாணி கழலுது பாருங்க," என்றாள்.

சௌந்தர்யா காதைத் தொட்டுத் திருகிக்கொண்டாள். அட்டைத் துண்டைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். "வாரேனுங்க," என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தில் கலந்துபோனாள். எதையும் வாங்கவில்லை.

இப்போதாவது இவள் உடைந்து அழுவாள் என்று வசந்தாமணி தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். அகல்யா பிரித்துப்போட்ட டப்பாக்களைத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள்.

"பசிக்குதுக்கா. சோத்து டப்பாவை எடுங்க."

எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டார்கள். சாயங்காலத்துக்குள் மேசையில் கொஞ்சம் வளையல்தான் மிஞ்சியது.

மார்கழியில் ஈரோட்டுச் சந்தைக்குப் போகும் முன்பே பத்திரிக்கை தீர்ந்துவிட்டது. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடத்தை அம்மா பெருக்கித் துடைத்து, அங்கே அரிசி மூட்டையை வைத்தாள். அட்டைக்கு வேறு வழி வேண்டியிருந்தது. வசந்தாமணியைக் கூட்டிக்கொண்டு அகல்யா ராசிபுரம் அச்சகத்துக்கே போனாள். கண்ணாடி போட்ட அச்சகக்காரர் அன்பழகனுக்கு அவளை அடையாளம் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவளே சொன்னாள்.

"தப்பா அடிச்சது, வாங்காம உட்டது ஏதாச்சும் இருந்தாக் குடுங்க. டப்பா பண்ணறதுக்கு."

அவர் பின்னறையைத் திறந்துவிட்டார். பரண் வரைக்கும் கட்டுகள். எழுத்துப்பிழை வந்தவை, தேதி மாறியவை, சாயம் இழுகியவை. "கடையில எடம்தான் அடைக்குது. எடுத்துக்குங்க, எடைக்குப் போடற வெலைக்கே குடுத்தர்றேன்," என்றார். வசந்தாமணி கெட்டியான அட்டையாகப் பார்த்துப் பொறுக்கினாள். ரோஜா கலரில், தாமரை போட்ட ஒரு கட்டை அகல்யா எடுத்தாள். தூசியைத் தட்டினாள். அதில் பிழை எதுவும் தெரியவில்லை. தேதியும் சரியாகத்தான் இருந்தது, மூன்று வருசத்துக்கு முந்தையது.

"இது என்னுங்க?"

அன்பழகன் எட்டிப் பார்த்தார். "அதுங்களா? எருமப்பட்டிக்காரங்க. அடிச்சு வெச்சாச்சு, எடுத்துட்டுப் போக யாருமே வரலை. போன் பண்ணுனா வெச்சர்றாங்க. நானும் விட்டுட்டேன்."

அகல்யா ஒரு பத்திரிக்கையைப் பிரித்தாள். மணமகள் மதுமதி. அப்பா பெயர் செல்லமுத்து. பெண்ணின் பெயருக்குப் பின்னால் ஒரு படிப்பும் போட்டிருந்தது. அவள் அதை எழுத்தெழுத்தாகப் படித்தாள், முழுசும், வாழ்த்த வரும் அத்தை மாமன் பெயர்கள் வரைக்கும்.

"அக்கா."

"சொல்லு கண்ணு."

"இந்தப் புள்ள இப்ப என்ன பண்ணிட்டிருக்கும்?"

வசந்தாமணி திரும்பிப் பார்த்தாள். எத்தனையோ மாதமாக இந்தப் பெண் இன்னொருவரைப் பற்றி இப்படி அக்கறையாக ஒரு கேள்வி கேட்டதில்லை.

"எங்கியாச்சும் நல்லாத்தான் இருக்கும்."

"சாப்புட்டிருக்குமா?" என்றாள் அகல்யா. சொல்லும்போது குரல் எங்கோ இடறியது.

ரோஜாக் கட்டை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். தேதி மாறியவற்றில் இரண்டு கட்டுகளை வாங்கிக்கொண்டு, வெண்ணந்தூர் பஸ் வருவதற்குள் நிறுத்தத்துக்கு வந்துவிட்டார்கள்.