விமானத்தில் ஒரு வாத்து

பழைய போர் விமானங்களை வரைவதுதான் அவளுக்குச் சோறு போட்ட தொழில். பொம்மை விமானப் பெட்டிகளின் மூடியில் தொடங்கி, நாட்காட்டி, தபால்தலை, தலையணை கனத்துக்குப் புத்தகங்கள் என்று இருபத்தாறு வருடம் ஓடிவிட்டது. எந்தப் படைப்பிரிவு எந்த மாதம் வாலின் நிறத்தை மாற்றியது என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். இத்தனைக்கும், ஏணியில் நாலு படி ஏறினால் கால் நடுங்கும்.

ஒரே ஒரு முறை மட்டும் ஏமாற்று வேலை செய்தாள். தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம். ஒற்றை இருக்கைப் போர் விமானம் ஒன்றை வரைந்து முடித்த அன்று, விமானி அறைக்குக் கீழே ஒரு சொட்டு வெள்ளைப் பெயின்ட் விழுந்தது. துடைக்கத் துடைக்கப் பரவியது. மறுநாள் புத்தகம் அச்சுக்குப் போக வேண்டும். சொட்டுக்கு ஓர் அலகு வைத்து, ஒரு காலைத் தூக்கிவிட்டு, வாத்தாக்கிவிட்டாள். யாரும் கேட்கவில்லை. அவளும் மறந்துபோனாள்.

போன மாதம் ஓர் அருங்காட்சியகம் அவளை அழைத்தது. ஏரியின் அடியிலிருந்து அதே விமானத்தை எடுத்துச் செப்பனிட்டிருந்தார்கள். மருந்துக்கடை வைத்திருக்கும் தங்கையையும் கூட்டிக்கொண்டு போனாள். கூடத்தின் நடுவே விமானம் பளபளவென்று நின்றது. விமானி அறைக்குக் கீழே, ஒற்றைக் காலைத் தூக்கியபடி, வெள்ளை வாத்து.

அவள் வைத்த அதே அலகு.

"இந்த வாத்து எங்கேர்ந்து வந்துச்சு?" என்று பொறுப்பாளரைக் கேட்டாள்.

"உங்க புத்தகத்துலேர்ந்துதான் மேடம். தண்ணில கிடந்ததுல பெயின்ட் சுத்தமா போயிருச்சு. ஆனா சாட்சி இருக்காரு. அதோ, இந்த விமானத்தோட மெக்கானிக்."

சக்கர நாற்காலியில் தொண்ணூறைத் தாண்டிய ஒருவர் வாத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அருகில் போனதும் தானாகவே பேசினார்.

"நான் வரைஞ்சதும்மா. எங்க விமானி நடந்தா வாத்து மாதிரியே இருக்கும். கிண்டலுக்கு வரைஞ்சேன். கோவப்படுவான்னு பார்த்தா, அழிக்காதடான்னு சொல்லிட்டான். அடுத்த வாரம் போனவன் திரும்பல."

"ஐயா, அந்தப் படத்தை வரைஞ்சது நான்தான். அந்த வாத்து வந்து…"

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நீதானா? நல்லா வரைஞ்சிருக்கே. ஆனா என் வாத்துக்குத் தொப்பி இருந்துச்சும்மா. அதை எப்படி விட்டே?"

அவள் திரும்பி வாத்தின் தலையைப் பார்த்தாள். தன் படத்தைப் பார்த்துத்தான் அவர் இப்படி ஒரு வாத்தை நம்பிக்கொண்டார் என்றால், படத்திலேயே இல்லாத தொப்பி எங்கிருந்து வந்தது?

திரும்பும் பேருந்தில் அவள் பெயின்ட் கதையைச் சொன்னதும் தங்கை அடுத்த குண்டைப் போட்டாள். "அக்கா, பெயின்ட் கொட்டினது அந்தப் படத்துலயே இல்ல. சிவப்பு வால் விமானத்துல. தட்டிவிட்டதே நான்தான். ரெண்டு நாள் என்கூட நீ பேசல."

"அது வேறடி."

"வேற இல்லக்கா."

வீட்டில் பழைய கோப்பைத் தேடி எடுத்தாள். அந்த விமானத்துக்கு இருந்தவை இரண்டே கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள். படத்தில் வாத்து இருந்த இடப்பக்கம் நிழலில் கிடந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். நிழலுக்குள் ஏதோ வெளிறித் தெரிந்தது. வாத்து என்றால் வாத்து, தூசி என்றால் தூசி. அன்றைக்கு இதைப் பார்த்துத்தான் வரைந்தோமா? பெயின்ட் சொட்டியது பிறகு தானே கட்டிக்கொண்ட கதையா? யோசிக்க யோசிக்க மண்டை காய்ந்தது.

பொறுப்பாளருக்கு ஃபோன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர், "இப்ப அதை அழிக்கணுமா, வேணாமா மேடம்?" என்று கேட்டார். "மெக்கானிக்கைப் பார்த்துட்டுச் சொல்றேன்," என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக்கின் வீட்டுக்கே போனாள். ஒன்றுவிடாமல் சொன்னாள். மனிதர் உடைந்துபோவார் என்று பயந்தாள். அவரோ காதைச் சொறிந்துகொண்டார்.

"நீ சொட்டை வாத்தாக்கினே. நான் நிசமாவே வாத்து வரைஞ்சேன். ரெண்டும் நடந்திருக்கக் கூடாதா?"

"அது எப்படிங்கய்யா?"

"எனக்கென்ன தெரியும்? பேப்பர் இருந்தா எடு. தொப்பியைச் சொல்றேன்."

அவர் சொல்லச் சொல்ல அவள் வரைந்தாள். "இன்னும் சாய்வா." "விளிம்பு பெருசு." "அட, அவ்ளோ பெருசில்ல." ஐந்தாவது தாளைப் பார்த்ததும் அவர் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தத் தாளை அருங்காட்சியகத்துக்கு அனுப்பினாள். கூடவே ஒரு குறிப்பும் எழுதினாள்: வாத்து பெயின்ட் சிந்தியதால் வந்தது என்பது ஓவியரின் நினைவு; தான் வரைந்தது என்பது மெக்கானிக்கின் நினைவு; புகைப்படம் தெளிவாக இல்லை. தாளையும் குறிப்பையும் சட்டம் போட்டு விமானத்தின் பக்கத்தில் மாட்டினார்கள். வாத்தை யாரும் தொடவில்லை.

தங்கை குறிப்பை இரண்டு முறை படித்தாள். "படிச்சா இன்னும் குழப்பமாத்தான்க்கா இருக்கு."

"எனக்கும்தான்டி," என்றாள் அவள்.